கோவளத்தில் துடுப்புப் பிடிக்கலாம்: முட்டுக்காட்டுக் கழியில் தொடங்கி பாய்மரப் படகு வரை

ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காடு படகுத்துறைக்குப் போனால் டிக்கெட் வரிசை, ஈரம் காயாத லைஃப் ஜாக்கெட், விசைப்படகில் ஒரு சுற்று, நாலு செல்ஃபி, இறங்கியதும் மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்ப் பத்தை. குறை சொல்ல ஒன்றும் இல்லை, நானும் பிள்ளைகளோடு பலமுறை போயிருக்கிறேன். ஆனால் படகில் போவது வேறு, படகை ஓட்டுவது வேறு. இந்த வழிகாட்டி இரண்டாவதற்கு.

இடம் சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில். முதலில் முட்டுக்காடு, அதைத் தாண்டினால் கோவளம். கேரளத்துக் கோவளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது மீனவர் ஊர். தர்காவும் கர்மேல் மாதா கோயிலும் கடற்கரையை ஒட்டியே இருக்கின்றன. ஆற்காட்டு நவாபு காலத்தில் துறைமுகமும் கோட்டையும் இருந்த ஊர். 1752இல் ராபர்ட் கிளைவ் அந்தக் கோட்டையைப் பிடித்தான். இன்று ஊருக்குப் பெயர் அலைச்சறுக்கால். ஊர் மீனவரான மூர்த்தி மேகவன் வளர்த்தெடுத்த கலை அது. 2021இல், தூய்மையான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றிதழும் கிடைத்தது.

புதிதாகக் கற்பவருக்கு இந்த ஊரைப்போல வசதியான இடம் குறைவு. காரணம் எளிது. சாலைக்கு ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாயோடு சேரும் அமைதியான உப்பங்கழி, மறுபக்கம் வங்காள விரிகுடா. கழியில் பழகி, கை திருந்தியதும் கடலுக்கு மாறலாம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நேராகக் கடலில் இறங்கி, ஒரே நாளில் வெறுத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 1: மாதத்தையும் நேரத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

அறை, பயிற்சிக் கட்டணம் எல்லாம் அப்புறம். முதலில் காற்று.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் உருவானால் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும், மீனவர்களே கடலுக்குப் போக மாட்டார்கள். அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை என் கணக்கில் நல்ல காலம். காலையில் காற்று மிதமாக இருக்கும், வெயிலும் கொல்லாது. ஏப்ரல், மே மாதங்களில் கழியில் பழகலாம், ஆனால் ஒன்பது மணிக்குமேல் தாங்காது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகுகளுக்கு அது பொருந்தாது. அதனால் தடைக்காலம்தானே, கடல் காலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வலை கிடக்கும் இடத்தில் போய் மாட்டாதீர்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நானே அதில் மாட்டினேன்.

கோவளத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே நிலம். அந்த மாதங்களில் காலையில் மேல்காற்று அடிக்கும். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று என்பதால் கரையோரம் தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல வழவழவென்று கிடக்கும். பார்ப்பவருக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது என்று தோன்றும். இரண்டு வகுப்பு முடித்த தைரியத்தில் ஒரு ஜூலை மாதக் காலை ஏழு மணிக்குப் பயிற்சியாளர் இல்லாமல் துடுப்புப் பலகையில், அதாவது நின்றபடி துடுப்புப் போடும் பலகையில், தனியாக இறங்கினேன். போகும்போது துடுப்பே போட வேண்டியிருக்கவில்லை, பலகை தானாகவே போனது. என் திறமை என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது தர்காவின் கோபுரம் விரல் நகம் அளவுக்கு இருந்தது. கரையை நோக்கித் திருப்பி இருபது நிமிடம் துடுப்புப் போட்டும் கோபுரம் பெரிதாகவே இல்லை. நின்றுகொண்டிருந்தவன் மண்டியிட்டேன், பிறகு குப்புறப் படுத்துக் கையால் தள்ளினேன். கடைசியில் வலை எடுத்துத் திரும்பிய ஒரு ஃபைபர் படகுக்காரர் கயிறு போட்டு இழுத்துவந்தார். திட்டவில்லை. "மேகாத்துல கரை கிட்டத்தான் தெரியும் தம்பி, போய்ச் சேராது" என்றார், அவ்வளவுதான்.

நண்பகலை ஒட்டி நிலம் சூடானதும் காற்று திசை மாறும், கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். அப்போது தண்ணீர் கலங்கி, சிற்றலை எழும்பி, பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் அது உங்களைக் கரைக்குத்தான் தள்ளும். வழவழப்பு வேறு, பாதுகாப்பு வேறு. இறங்குவதற்குமுன் ஒரு பிடி உலர்ந்த மணலை இடுப்பு உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். கடல் பக்கம் பறந்தால் கழிக்குப் போங்கள்.

படி 2: கேட்க வேண்டிய கேள்விகள்

பயிற்சி என்ற பெயரில் சவாரி விற்பவர்கள் எல்லாக் கடற்கரையிலும் உண்டு. தொலைபேசியில் முதலில் கேளுங்கள்: துடுப்பு என் கையில் எவ்வளவு நேரம் இருக்கும்? தயங்கினால் அது சவாரி. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? நாலைத் தாண்டினால் முதல் வகுப்புக்கு வேண்டாம். பயிற்சியாளருக்கு என்ன சான்றிதழ்? கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனம், இந்திய அலைச்சறுக்குக் கூட்டமைப்பு போன்றவற்றில் உயிர்காப்புப் பயிற்சி பெற்றவர்கள் இருப்பார்கள், பெருமையாகவே சொல்வார்கள். வானிலை சரியில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு நாள் தருவீர்களா? இந்தக் கேள்விக்கு உடனே தெளிவாகப் பதில் சொல்பவர், காற்று மோசமான நாளில் பணத்துக்காக உங்களை இறக்க மாட்டார்.

உங்கள் பக்கத்திலிருந்தும் உண்மை சொல்ல வேண்டும். நீச்சல் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். தெரியாமலே கழியில் லைஃப் ஜாக்கெட்டோடு கயாக் என்னும் குறுகிய துடுப்புப் படகைக் கற்கலாம். கடலுக்கு மட்டும் வேண்டாம். வலிப்பு, இதய நோய், தோள்பட்டை நழுவிய வரலாறு இருந்தாலும் மறைக்காதீர்கள்.

படி 3: லைஃப் ஜாக்கெட்

இதைப் போட்டோவுக்கு மாட்டுகிற பொருளாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்குமீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2009இல் தேக்கடியில் 45 பேர். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்ததும் அந்த விபத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. இரண்டும் நடந்தது நடுக்கடலில் அல்ல. ஒன்று கழிமுகம், ஒன்று ஏரி.

போட்டபின் சோதிப்பது இப்படி. எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, பக்கவாட்டுப் பட்டைகளை இழுத்து இறுக்குங்கள். கூட வந்தவரை, தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். மோவாய்க்கு மேலே ஏறி வந்தால் அது உங்கள் அளவு இல்லை. தண்ணீரில் விழுந்ததும் அது தலைவழியாகக் கழன்று போகும். சிறு பிள்ளைகளுக்குக் கால்களுக்கு இடையே வரும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள், பெரியவர் அளவை மடித்துக் கட்டி ஒப்பேற்ற விடாதீர்கள். விசில் தொங்கினால் ஒருமுறை ஊதிப் பாருங்கள், பாதி விசில்கள் மணல் அடைத்துக் கிடக்கும்.

உடை பற்றிச் சுருக்கமாக: ஜீன்ஸ் வேண்டாம், புடவை, துப்பட்டா வேண்டாம். முழுக்கைச் சட்டை, தொப்பி, நழுவாத செருப்பு. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கயிறு. கைபேசியைக் காரிலேயே விடுவது உத்தமம்.

படி 4: முதல் காலை, கழியில் கயாக்

முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. மிதிபடகில் ஒருமுறை சுற்றினால், காற்று படகை எப்படித் தள்ளுகிறது என்று கால் வழியாகவே தெரிந்துவிடும். கயாக், துடுப்புப் பலகை வகுப்புகளுக்குக் கோவளத்து அலைச்சறுக்குப் பள்ளிகளில் கேளுங்கள். காலை ஆறு, ஆறரைக்கே தண்ணீரில் இருக்க வேண்டும். அந்நேரம் கொக்கும் நீர்க்காகமும் தவிரத் துணைக்கு ஆள் இருக்காது.

கழிக்கு ஒரு குணம் உண்டு. கடலோடு சேரும் முகத்துவாரத்தைக் கோடையில் மணல் திட்டு அடைத்துக்கொள்ளும், அப்போது ஏரி மாதிரிக் கிடக்கும். மழைக்காலத்திலும் அதற்குப் பின்னும் முகம் திறந்திருந்தால், கடல்மட்டம் இறங்கி ஓதம் வற்றும் நேரத்தில் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும். சென்னைப் பக்கம் ஏற்றவற்றம் அமாவாசை, பௌர்ணமியில்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், ஆனால் பாலத்துக்கடியில் குறுகும் இடத்தில் அதுவே போதும். முதல் நாள் பாலத்தின் பக்கம் போகவே போகாதீர்கள். மேற்கே, கால்வாய்ப் பக்கம் திரும்புங்கள்.

இனி துடுப்பு. கயாக் துடுப்புக்கு இரு முனையிலும் அலகு, அதாவது நீரைத் தள்ளும் அகன்ற பகுதி, உண்டு. தலைமேல் வைத்துப் பிடித்தால் இரண்டு முழங்கையும் செங்கோணத்தில் மடங்க வேண்டும், அதுதான் கைகளுக்கு இடையே சரியான தூரம். அலகின் குழிந்த பக்கம் உங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

ஏறி உட்கார்ந்ததும் எல்லோரும் செய்யும் தப்பை நானும் செய்தேன். கையால் மட்டும் இழுத்தேன். பத்து நிமிடத்தில் தோள் கனத்தது, படகு பாம்புபோல நெளிந்தது. சொல்லிக்கொடுத்த பையன் பக்கத்தில் வந்து என் துடுப்பைப் பிடித்து நிறுத்தினான். "அண்ணா, தண்ணியக் குத்தாதீங்க. துடுப்ப நட்டுட்டு நீங்க முன்னால போங்க." அன்று முழுக்க நான் கற்றது அந்த ஒரு வரிதான். அலகைப் பாதத்துக்கு அருகே முழுதாக நீரில் இறக்க வேண்டும். பிறகு முழங்கையை மடக்காமல் இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்ப வேண்டும். அலகு இடுப்பை எட்டியதும் வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின்னால் இழுத்தால் படகு திரும்புமே தவிர, முன்னால் போகாது. உரலில் மாவாட்டும்போது குழவியைக் கை மட்டுமா சுற்றுகிறது? உடம்பே சுற்றுகிறதல்லவா, அதுதான்.

திருப்ப, ஒரு பக்கத் துடுப்பை முன்னாலிருந்து பின்வரை அகலமாக அரைவட்டம் போடுங்கள், படகு எதிர்ப்பக்கம் திரும்பும். நிறுத்த, இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சிறிதாகப் பின்னால் தள்ளுங்கள். ஓடத்தை நிறுத்தத் தெரியாமல் ஓட்டக் கற்பவர்கள்தான் மற்றவர் மேல் மோதுகிறார்கள்.

படி 5: வேண்டுமென்றே கவிழுங்கள்

முதல் வகுப்பிலேயே இதைக் கேட்டு வாங்குங்கள். பயிற்சியாளர் "அப்புறம் பார்க்கலாம்" என்றால் விடாதீர்கள்.

திறந்த தட்டு உள்ள கயாக்கில் கால் சிக்காது, கவிழ்ந்தால் தானாகவே விழுவீர்கள். துடுப்பை விடக் கூடாது. படகு தலைகீழாக இருந்தால் மறுபக்க விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் நிமிரும். ஏறுவதற்குக் கையின் பலம் போதாது. உடம்பை நீரில் படுக்கை வசமாக்கி, காலைப் படபடவென்று உதைத்து, வயிறு நடுத்தட்டில் வரும்வரை சறுக்கி ஏறுங்கள். அப்படியே புரண்டு உட்காருங்கள், பிறகு காலை உள்ளே எடுங்கள். அழகாகவே இருக்காது, கரையேறிய மீன் துள்ளுவது மாதிரி இருக்கும். மூன்று முறை செய்தால் பயம் போய்விடும். படகில் இறுக்கமாக உட்காருபவர்தான் அடிக்கடி கவிழ்வார். பயம் போனதும் இடுப்பு தளரும், படகும் ஆடாது.

கழியின் ஓரத்தில் கால் ஊன்றும்போது கவனம். சிப்பி காலைக் கிழித்துவிடும்.

படி 6: நின்றுகொண்டு துடுப்பு

பயிற்சியாளர்கள் இதைச் சுருக்கமாக 'சப்' என்பார்கள். வெளிநாட்டு விளையாட்டு என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, அதன்மேல் மண்டியிட்டும் நின்றும் அலையைக் கடந்தவர்களின் கரை இது. ஆங்கிலக்காரன் கட்டுமரத்தின் பெயரை எடுத்துப்போய், இரண்டு உடல் கொண்ட வேறொரு படகுக்கு வைத்துவிட்டான். கட்டுமரம் இன்று அருகிவிட்டது, ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. ஆனால் ஊர்ப் பையன்கள் பலகையில் முதல் நாளே நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பலகையின் நடுவில் கைப்பிடி இருக்கும், அதை ஒட்டி இரு பக்கமும் முழங்கால் ஊன்றித் தொடங்குங்கள். பத்துத் துடுப்பு போட்டுப் பலகை ஓட ஆரம்பித்ததும் எழுங்கள். சைக்கிள் மாதிரிதான், நின்றால் ஆடும், ஓடினால் நிற்கும். பாதங்கள் தோள் அகலத்தில், முழங்கால் லேசாக மடங்கி, பார்வை தொடுவானத்தில். பாதத்தைப் பார்த்தீர்களானால் தண்ணீருக்குள்தான். துடுப்பின் அலகு சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வு முன்னோக்கி இருக்க வேண்டும். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் தலைகீழாகத்தான் பிடிக்கிறார்கள், கரண்டி என்று நினைத்துக்கொண்டு. விழுந்தால் பலகையை விட்டு விலகித் தட்டையாக விழுங்கள், தலைகீழாகப் பாயாதீர்கள், கழி பல இடங்களில் இடுப்பளவுதான். கணுக்காலில் கட்டும் கயிற்றைக் கழற்றவே கூடாது. காற்று அடித்தால் ஆளில்லாத பலகை உங்களைவிட வேகமாக ஓடும்.

படி 7: கடல்

கழியில் மூன்று காலையாவது போனபின், பயிற்சியாளரோடு மட்டும்.

கரையில் பத்து நிமிடம் சும்மா நின்று அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் சேர்ந்தாற்போல் வரும், பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் இறங்க வேண்டும். படகின் முன்முனையை, மீனவர் சொல்லில் அணியத்தை, அலைக்கு நேராக வைத்திருங்கள். பக்கவாட்டில் காட்டினால் சிற்றலையே உருட்டிவிடும். நுரை எதிரே வரும்போது துடுப்பை நிறுத்தத் தோன்றும், அப்போதுதான் இன்னும் வேகமாகப் போட வேண்டும்.

விழுந்தால் ஒரே விதி: படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதீர்கள். தண்ணீர் நிறைந்த கயாக்கை அலை தூக்கி அடித்தால் முழங்கால் தாங்காது. கடல் பக்கமாகப் போய்விடுங்கள். படகு இல்லாமல் நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கிப் போராடாமல் மிதந்துகொண்டே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள், இழுப்பு அதிக அகலம் இருக்காது. கடலோரக் காவல்படையின் தேடல், மீட்பு எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. கரையில் இருப்பவரின் கைபேசியில் இரண்டையும் பதிந்து வையுங்கள்.

வலை காயும் இடத்தில் பலகையை வைக்காதீர்கள், படகு ஏற்றி இறக்கும் வழியில் நிற்காதீர்கள். இது அவர்கள் தொழில் செய்யும் இடம்.

படி 8: பாய்மரம், ஆசை மிஞ்சினால்

இதற்குச் சென்னைத் துறைமுகத்துக்குள் போக வேண்டும். 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் அங்கே இயங்குகின்றன. துறைமுகப் பகுதி என்பதால் அடையாள அட்டையும் முன் அனுமதியும் வேண்டும், நினைத்த நேரம் போய் நிற்க முடியாது. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன், பள்ளிக்கூடக் காலத்தில் கோடை முகாம் ஒன்றில்தான் பாய்மரம் பிடித்தார். பிள்ளைகளுக்கு ஆப்டிமிஸ்ட் என்னும் தொட்டி மாதிரியான குட்டிப் படகு, நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ. ஒரே ஒரு பாய், ஒரே ஒரு பிள்ளை. அப்பா அம்மா கரையில்.

முதல் நாள் புரிய வேண்டியது இரண்டு விஷயம். காற்று வரும் திசையை நோக்கி நேராகப் போக முடியாது. இரு பக்கமும் ஏறக்குறைய 45 பாகை, பாய் காற்றைப் பிடிக்காத செத்த இடம். அதனால் வலமும் இடமுமாக மாறி மாறி ஏற வேண்டும், மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவு மாதிரி. இரண்டாவது, பயந்தால் பாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். பழைய பாய்மரக்காரர்கள் தாமான் என்பது இந்தக் கயிற்றைத்தான். விட்டதும் பாய் கொடித்துணி மாதிரிப் படபடக்கும், படகு நிற்கும். பயத்தில் கயிற்றை இறுக்குவதுதான் இயற்கை, அப்படி இறுக்கித்தான் கவிழ்கிறோம். சுக்கான் பிடியை வலம் தள்ளினால் படகு இடம் திரும்பும் என்பது பழக ஒரு வாரம் ஆகும். பாயின் அடிக்கட்டை சட்டென்று குறுக்கே வரும்போது தலையைக் குனிவதற்கு மட்டும் ஒரே அடி போதும்.

நீங்கள் இதைப் படிப்பது மழைக்காலத்தில் என்றால், பக்கத்து நீச்சல் குளத்தில் சேர்ந்துவிடுங்கள். காணும் பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, ஒரு வேலை நாளாகப் பார்த்துக் கோவளத்துக்கு வாருங்கள். சனி, ஞாயிறு வேண்டாம், பயிற்சியாளர்களுக்கு அன்று மூச்சுவிட நேரம் இருக்காது.